விம் பிளகின்: தமிழ் உள்ள வரிகளில் பிழைக்குறி இடம் மாறுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. விம் எடிட்டருக்கு ஒரு சின்டாக்ஸ் செக்கர் (நிரலில் எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை காட்டும்) பிளகின் எழுதி வருகிறேன். விம் 8-இல் வந்த ஜாப் வசதியால் சோதனை பின்னணியில் ஓடுகிறது. ஃபைலைச் சேமிக்கும்போது எடிட்டர் உறைந்து நிற்பதில்லை. அந்தப் பகுதி நன்றாக இருக்கிறது.

சிக்கல் தமிழ் ஸ்ட்ரிங் உள்ள வரிகளில்தான். விம் காலம் (column, வரியில் பிழை இருக்கும் இடம்) எண்ணை பைட்டில் கணக்கிடுகிறது; பைதான் நிரலைச் சோதிக்கும் பைகோட்ஸ்டைல் (pycodestyle) கருவி அதை யூனிகோட் குறிகளில் தருகிறது. 'அம்மா' என்பது 5 குறிகள் (அ, ம, புள்ளி, ம, துணைக்கால்), ஆனால் யுடிஎஃப்-8-இல் 15 பைட். அதனால் அதையடுத்து வரும் பிழையின் அடிக்கோடு 10 பைட் இடப்பக்கம் நகர்ந்து, தமிழ்ச் சொல்லின் மேலேயே விழுகிறது. பார்ப்பவர் தமிழில்தான் பிழை என்று நினைத்துவிடுவார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குறி எண்ணை பைட் எண்ணாக மாற்றும் விம்மின் பைட்ஐடிஎக்ஸ் (byteidx) ஃபங்ஷன் புள்ளியையும் துணைக்காலையும் தனியே எண்ணாது; ஆகவே அவற்றையும் எண்ணும் பைட்ஐடிஎக்ஸ்காம்ப் (byteidxcomp) வைத்து மாற்றுகிறேன். கோ (Go) மொழியின் கம்பைலர் காலம் எண்ணை பைட்டிலேயே தருவதால் அதை மாற்றக்கூடாது.

என் கேள்வி: பின்னணிச் சோதனையின் முடிவு வருவதற்குள் பயனர் அந்த வரியைத் திருத்திவிட்டால், பழைய வரியின் நகலை வைத்துக் கணக்கிடுவதா, முடிவையே தூக்கிப்போட்டு மறுபடி ஓட்டுவதா? பெரிய ஃபைல்களில் இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ரூபி, பிஎச்பி எழுதுபவர்கள் தமிழ் ஸ்ட்ரிங் உள்ள ஒரு பிழை வரியையும், உங்கள் செக்கர் காட்டும் காலம் எண்ணையும் இங்கே போட்டால் பெரிய உதவி.