தொடர்பு வளர்ப்பது திறமையா, காக்கா பிடிப்பதா?

வேலையே பேசும்:
எட்டு வருடமாக மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிறேன். போன மாதம் குழுத் தலைவர் பதவி என்னைவிட மூன்று வருடம் இளையவருக்குப் போனது. அவர் திறமையானவர்தான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்துக் குழு மேலாளர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும், என்னைத் தெரியாது. "நெட்வொர்க்கிங் செய்" என்கிறார்கள். எனக்கு அது காக்கா பிடிப்பதாகத்தான் படுகிறது. வேலையை ஒழுங்காகச் செய்தால் போதாதா?

ஆளெடுப்பவன்:
போதாது நண்பரே. "இவரோடு வேலை செய்திருக்கிறேன், நெருக்கடியில் கைவிட மாட்டார்" என்று ஒருவர் சொன்னால், அந்த ரெஸ்யூமை நிறுத்தி நிதானமாகப் படிப்போம். அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ள முடியாது. காக்கா பிடிப்பவர் அதிகாரியை மட்டும்தான் சுற்றுவார். நான் சொல்வது பக்கத்து மேசைக்காரரையும் சேர்த்து.

புள்ளிவிவரம்:
ஒரு தகவல். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்த நபரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்து வந்தீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது 55.6, அரிதாக 27.8. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி இருப்பவர்தான் புதுச் செய்தி கொண்டுவருகிறார். வேலைத் தொடர்புகளுக்கான வலைத்தளமான லிங்க்ட்இனில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வு 2022-இல் வந்தது. ஓரளவு பழக்கம் உள்ளவர்களே அதிகம் உதவினார்கள், மிகவும் தள்ளி இருப்பவர்கள் அவ்வளவு உதவவில்லை என்றது. ஆக, அதிகாரியோடு ஒட்டிக்கொள்வதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வேலையே பேசும்:
சரி, எண்கள் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அலுவலக வேலைக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவின் நண்பர், மாமாவின் நிறுவனம் என்று எனக்கு யாரும் கிடையாது. பரிந்துரையில் ஆள் எடுத்தால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் சாயலில்தான் ஆட்கள் வருவார்கள். இது அநியாயம் இல்லையா?

ஆளெடுப்பவன்:
அநியாயம்தான், இதில் உங்களோடு சண்டை இல்லை. ஒவ்வொரு பதவியையும் வெளிப்படையாக அறிவித்து, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று நானும் உள்ளே வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பிறப்பால் தொடர்பு வராதவருக்குத்தான் தொடர்பு வளர்க்கும் பழக்கம் அதிகம் தேவை.

கூச்சக்காரி:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். நாலு பேர் கூடினால் எனக்கு வாய் வராது. முதலில் தெரியாதவர்களுக்கு "வேலை இருக்கிறதா?" என்று எழுதினேன், ஒருவரும் பதில் போடவில்லை. இப்போது யோசித்தால், அந்தக் கேள்விக்கு "இல்லை" என்பதைத் தவிர அவர்கள் என்ன சொல்வார்கள்? அப்புறம் ஒரு கருத்தரங்கில் பேசியவருக்கு, அவர் சொன்ன ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு வந்த சந்தேகத்தை நாலு வரியில் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. அவர் சொன்னபடி செய்து பார்த்து, இரண்டு வாரம் கழித்து என்ன ஆனது என்றும் எழுதினேன். பலரும் இந்த இரண்டாவது கடிதத்தை எழுதுவதில்லை. உறவு அதில்தான் தொடங்கியது. ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலியிடம் பற்றி அவராகவே சொன்னார். நேர்காணலுக்கு நான்தான் போனேன், நான்தான் தேறினேன். இதைக் காக்கா பிடிப்பது என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும்.

வேலையே பேசும்:
உங்களைச் சொல்லவில்லை அம்மா. பதவி கொடுத்த விதம் தவறு என்பதில் நான் மாறவில்லை. ஆனால் ஒன்று தோன்றுகிறது. இரண்டு வருடம் முன்பு வேறு நிறுவனத்துக்குப் போன சக ஊழியர் எழுதிவைத்த ஸ்கிரிப்டைத்தான் (சோதனைக்கான சிறு நிரல்) இன்றும் தினமும் ஓட்டுகிறேன். அவரிடம் இதைச் சொன்னதே இல்லை. இத்தனை நாள் கழித்து எழுதினால் ஏதோ கேட்க வந்ததாக நினைப்பாரோ?

கூச்சக்காரி:
ஸ்கிரிப்ட் பற்றி மட்டும் எழுதுங்கள். அதில் நீங்கள் மாற்றியது ஏதாவது இருந்தால் அதையும் அனுப்புங்கள். வேறெதுவும் கேட்க வேண்டாம்.