ஓய்வு பெற்றபின் மனம் ஒரு நிலையில் இல்லை: அன்றாட வாழ்வில் நிறைவு தருவது எது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிச் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். ஓய்வூதியம் வருகிறது, பிள்ளைகள் வெளியூரில் நலமாக இருக்கிறார்கள், உடம்புக்கும் பெரிய குறை இல்லை. ஆனால் காலையில் நாளிதழை மடித்து வைத்த பிறகு, இன்று என்னை எதிர்பார்த்து யாரும் இல்லை என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தியான வகுப்பில் இருக்கும் வரை மனம் அடங்குகிறது. வீட்டுப் படியேறியதும் பழைய கலக்கம் திரும்பிவிடுகிறது. நன்கொடை அனுப்பினால் ரசீது வருகிறது, அவ்வளவுதான். தத்துவ விளக்கம் வேண்டாம். பிறருக்குப் பயன்படுவதாகவும் என்னால் விடாமல் செய்யக்கூடியதாகவும் ஏதேனும் இருந்தால், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1 (கடலூர் மாவட்டத்திலிருந்து)

ஐயா, நான் வடலூருக்குப் பக்கத்து ஊர்க்காரன். வள்ளலார் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிவது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் சத்திய ஞான சபை 1872இல்தான் வழிபாட்டுக்கு வந்தது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சோறு போடும் இடத்தை முதலில் அமைத்துவிட்டு, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்தே சோதி தரிசனத்துக்கு இடம் அமைத்தார். பசித்திருப்பவனின் பசியை ஆற்றுவதையே சீவகாருணியத்தின் முதற்படியாக அவர் வைத்ததற்கு இந்த வரிசையே சான்று என்பது என் கருத்து.

உங்கள் ஊரிலும் அன்னதானம் நடக்கும் இடம் கட்டாயம் இருக்கும். பணம் கட்டிவிட்டு வராமல், காய் நறுக்கும் இடத்தில் போய் உட்காருங்கள். அங்கே நீங்கள் எந்தப் பதவியில் இருந்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பரங்கிக்காய்த் துண்டு பெரிதாகிவிட்டால் மட்டும், 'இன்னும் கொஞ்சம் சின்னதா' என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார்.

மறுமொழி 2 (சென்னையிலிருந்து)

பார்வையற்ற மாணவர்களுக்குச் சில ஆண்டுகளாகத் தேர்வு எழுதிக் கொடுத்து வருபவள் என்ற முறையில் சொல்கிறேன். 'சொல்வதை எழுதுபவர்' என்று தேர்வுத் துறை எங்களைக் குறிப்பிடும். பெயரில் உள்ளபடி, மாணவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும். விடை தவறு என்று தெரிந்தாலும் முகத்திலோ குரலிலோ காட்டக் கூடாது. வினாவை ஒரே சீரான குரலில் படித்து, கேட்டால் மறுபடியும் படித்து, எந்த வினாவிலிருந்து தொடங்குவது என்பதை அவர் முடிவு செய்யும் வரை பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்பதால் மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாக நீளும். அவ்வளவு நேரமும் நம் அறிவை ஓரமாக வைத்துவிட்டு இன்னொருவரின் கையாக மட்டும் இருப்பது, தியான வகுப்பில் எனக்குக் கைவராத ஒன்று.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி, தேர்வர் தாமே அழைத்து வரும் 'சொல்வதை எழுதுபவரின்' கல்வித்தகுதி தேர்வரின் தகுதியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே நீங்கள் பட்டதாரியானால் உங்களைப் பல தேர்வுகளில் ஏற்க மாட்டார்கள். ஆனால் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்து தருவதற்கு அந்தத் தடை கிடையாது. அதற்கு ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு, குறிப்பாகக் கணக்குப் பதிவியலுக்கு.

மறுமொழி 3 (மதுரையிலிருந்து)

மேலே இருவரும் சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் தொண்டு செய்தால் அமைதி கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. படுக்கையில் இருக்கும் என் தாயாரைப் படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறேன். நள்ளிரவில் எழுந்திருக்கும்போது அமைதியும் இல்லை, கருணையும் இல்லை. தூக்கக் கலக்கமும் எரிச்சலும்தான். ஆனாலும் அந்த வேலைக்குப் பொருள் இருக்கிறதா என்ற கேள்வி ஒரு நாளும் எழுந்ததில்லை. எனவே மனநிறைவு வருகிறதா என்று நாள்தோறும் சோதித்துப் பார்க்காதீர்கள். உங்கள் தெருவிலேயே என்னைப் போல ஒருவர் இருக்கக்கூடும். வாரத்தில் ஒரு பிற்பகல் நோயாளியின் அருகில் நீங்கள் உட்கார்ந்தால், அவர் கடைக்கோ வங்கிக்கோ போய் வர முடியும்.

இன்னொன்று: கலக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டால், அதைத் தொண்டால் தீர்க்கப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தூக்கம் கெடவில்லை. கணக்குப் பதிவியல் என்று பார்த்ததும் உள்ளே ஏதோ நிமிர்ந்தது. பேரேட்டுப் பக்கத்தைப் பார்வையற்றவருக்கு எப்படி வாசிப்பது, அம்மா? இடப்புறம், வலப்புறம் என்று சொன்னால் போதுமா?

மறுமொழி 2 (சென்னையிலிருந்து)

போதாது, ஐயா. முதலில் பக்க எண்ணையும், அட்டவணையில் எத்தனை பத்திகள் இருக்கின்றன என்பதையும் சொல்லுங்கள். பிறகு பற்றுப் பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு வரவுப் பக்கத்துக்குப் போங்கள். தொகைகளை இலக்கம் இலக்கமாகச் சொல்லாமல், 'பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். ஓர் அதிகாரத்தைப் பதிவு செய்ததும், படிக்கப்போகும் மாணவரிடமே போட்டுக் காட்டி, வேகம் சரியா என்று கேட்டுவிட்டு அடுத்த அதிகாரத்தைத் தொடங்குங்கள்.