அறுவைக்குப் பின் அம்மாவின் இடது கை வீங்குகிறது: பூ எடுக்கலாமா?

உசிலம்பட்டி மகள்:
என் அம்மாவுக்கு வயது 56. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மதுரையில் இடது மார்பில் புற்றுநோய் அறுவை செய்து, அக்குளில் இருந்த நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகளையும்) எடுத்துவிட்டுக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். சென்ற மாசி முதல் ரவிக்கையின் இடது கை மட்டும் இறுக்குகிறது. மாலையில் கழற்றினால் தையல் பதிந்த தடம் வெகுநேரம் மறைவதில்லை. வலி இல்லை, கனமாக இருக்கிறது என்கிறார். பக்கத்து ஊரில் ஒருவர் எண்ணெயைச் சூடாக்கி அழுத்தி நீவிவிட்டார். மறுநாள் வீக்கம் கூடியதுதான் மிச்சம். நீர் பிரியும் மாத்திரை கொடுத்தால் வற்றிவிடும் என்கிறார் மாமா. அம்மா விடியற்காலையில் மல்லிகைப்பூ எடுக்கப் போவதை நிறுத்திவிட வேண்டுமா?

இயன்முறை மருத்துவர், மதுரை:
சகோதரி, இது நிணநீர் வீக்கமாக, அதாவது திசுக்களில் கசியும் நிணநீர் வடியாமல் தேங்குவதால் வரும் வீக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் இரத்தக்குழாய் அடைப்போ நோய் திரும்பியதோ இல்லை என்பதை அறுவை செய்த மருத்துவரிடம் முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

நெறிகளை எடுத்த கை, கலிங்கு அடைபட்ட கண்மாய் போன்றது. திசுக்களில் கசியும் நீர் வெளியேற வழி குறைகிறது. அதோடு வரும் புரதம் வண்டலைப் போலத் தங்கி, நாளடைவில் தோலைத் தடிக்கச் செய்கிறது. நீர் மாத்திரை தண்ணீரை மட்டும் இறைக்கும், வண்டலைத் தொடாது என்பதால் மாமாவின் யோசனை இதற்குப் பயன்படாது. சூடும் அழுத்தமும் அந்தக் கைக்கு மேலும் நீரைக் கொண்டுவரும். பயிற்சி பெற்றவர்கள் செய்யும் நிணநீர் நீவல், தோலை மட்டும் நகர்த்துகிற அளவுக்கு மென்மையானது. அதனுடன் குறைநீட்சிக் கட்டு (அதிகம் இழுபடாத துணிப்பட்டையால் கையைச் சுற்றிக் கட்டுவது), உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவை சேர்ந்ததே சிகிச்சை. வீக்கம் இறங்கிய பிறகு, அளவெடுத்து வாங்கிய அழுத்த உறையைப் பகலில் அணிந்து இரவில் கழற்ற வேண்டும். சித்திரை வெயிலில் அது எரிச்சலாகத்தான் இருக்கும். அதற்காக விட்டுவிட்டால் கை மீண்டும் பருத்துவிடும்.

பூ எடுப்பதை நிறுத்த வேண்டாம், தசை அசைந்தால்தான் நிணநீர் நகரும். இடது தோளில் கூடையை மாட்டாமல் இடுப்பில் மடி கட்டிப் பறிக்கட்டும். நடுநடுவே கையை உயர்த்தி விரல்களை மடக்கி நீட்டட்டும். களை வெட்டுவதையும் மருந்தடிப்பதையும் வேறொருவர் பார்க்கலாம்.

மேலூர் வாசகர்:
என் தந்தைக்கு யானைக்கால் நோயால் வந்த கால் வீக்கம். காரணம் வேறு, கவனம் ஒன்றுதான். புழுவுக்கான மாத்திரைகளைத் தின்று முடித்தும் கால் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. முன்பெல்லாம் அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்து கால் சிவந்துவிடும், ஒவ்வொரு முறையும் வீக்கம் ஒரு படி ஏறும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளைப் பழைய பருத்தித் துணியால் ஒற்றித் துடைக்க ஆரம்பித்த பிறகே அது குறைந்தது. அம்மாவின் கையில் சிறு முள் கீறினாலும் உடனே கழுவி மருந்து போடுங்கள். சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், கிருமிக்கொல்லி மருந்து தேவைப்படும்.

உசிலம்பட்டி மகள்:
இருவருக்கும் நன்றி. தையல் நாடாவால் முழங்கைக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே இரு கைகளையும் அளந்தேன். இடது கை மூன்று சென்டிமீட்டர் கூடுதல். அதைக் குறித்துக்கொண்டு திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். ரவிக்கைகளின் இடது கையைப் பிரித்துத் தளர்த்தித் தைக்க இன்றே கொடுத்துவிட்டேன்.