விண்டோஸில் இயங்கும் யூஎஸ்பி விசைப்பலகை பயாஸில் இயங்கவில்லை

கேள்வி:
என் பழைய மேசைக்கணினியின் பிஎஸ்/2 (வட்டத் துளையில் செருகும் பழைய வகை) விசைப்பலகையில் இடைவெளிக் கட்டையும் சில எழுத்துகளும் பழுதாகிவிட்டதால், யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றை வாங்கினேன். விண்டோஸ் வந்த பிறகு அது ஒழுங்காக இயங்குகிறது. ஆனால் கணினியை இயக்கியவுடன் டெலிட் விசையை எத்தனை முறை அழுத்தினாலும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை மென்பொருள்) அமைப்புத் திரை திறக்கவில்லை. பழைய சுட்டியோடு வந்த, யூஎஸ்பி முனையைப் பிஎஸ்/2 துளையில் பொருத்த உதவும் பச்சை நிற மாற்றியில் செருகி, ஊதா நிறத் துளையில் பொருத்தியும் பயனில்லை. விசைப்பலகையில்தான் குறையா?

மறுமொழி 1:
விசைப்பலகையில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. விண்டோஸ் தன் சொந்த இயக்கி மென்பொருளைக் கொண்டு யூஎஸ்பி கருவிகளோடு பேசுகிறது; அது நினைவகத்தில் ஏறும்வரை அந்த வேலையைப் பயாஸ்தான் செய்தாக வேண்டும். பிஎஸ்/2 விசைப்பலகைக்குத் தாய்ப்பலகையிலேயே தனிக் கட்டுப்படுத்தி உண்டு என்பதால் அது முதல் நொடியிலிருந்தே இயங்கும். யூஎஸ்பி விசைப்பலகையையும் அப்படியொரு பழைய விசைப்பலகையாகவே காட்டும் வசதி பல பயாஸ்களில் இருக்கிறது. உங்கள் கணினியில் அது அணைக்கப்பட்டிருக்கலாம். ‘யூஎஸ்பி கீபோர்டு சப்போர்ட்’ அல்லது ‘லெகசி யூஎஸ்பி சப்போர்ட்’ என்ற பெயரில் தேடுங்கள்.

மாற்றியைப் பற்றி ஒரு விளக்கம்: அதற்குள் கம்பி இணைப்புகளைத் தவிர வேறொன்றும் இல்லை. யூஎஸ்பி, பிஎஸ்/2 ஆகிய இருவகைச் சமிக்ஞைகளையும் அறிந்த சில்லு விசைப்பலகைக்குள் இருந்தால் மட்டுமே அது பயன்படும். இன்றைய மலிவு விசைப்பலகைகள் பெரும்பாலானவற்றில் அது இருப்பதில்லை.

மறுமொழி 2:
அந்த அமைப்பை மாற்றப் பயாஸுக்குள் நுழைய வேண்டும், நுழைய விசைப்பலகை வேண்டும் என்பதால், பழையதை எறிந்துவிடாதீர்கள். டெலிட், அம்புக்குறிகள், என்டர், எஃப்10 ஆகியவை இயங்கினாலே போதும். ஆனால் கணினியை முழுவதும் அணைத்த பின்னரே அதைச் செருகுங்கள். பிஎஸ்/2 துளை, மின்சாரம் ஓடும்போது செருகிக் கழற்றுவதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. தாய்ப்பலகையின் சிறு உருகி (ஃபியூஸ்) எரிந்துவிட வாய்ப்புண்டு.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. பழைய விசைப்பலகையோடு உள்ளே சென்றபோது, ‘இன்டகிரேட்டட் பெரிபெரல்ஸ்’ பக்கத்தில் அந்த அமைப்பு அணைந்தே இருந்தது. இயக்கிச் சேமித்ததும் புதிய விசைப்பலகை பயாஸிலும் வேலை செய்கிறது. கணினியின் கடிகாரம் மட்டும் அடிக்கடி பழைய தேதிக்குப் போய்விடுகிறது.

மறுமொழி 2:
அப்படியானால் தாய்ப்பலகையில் உள்ள 3 வோல்ட் நாணய மின்கலம் தீர்ந்துவருகிறது. பெரும்பாலும் அது சிஆர்2032 வகையாக இருக்கும். அது முற்றிலும் தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் அழிந்து, இந்த வசதியும் மறுபடி அணைந்துவிடக்கூடும். மின்கலத்தை மாற்றிவிட்டு, அமைப்பை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். அதுவரை பழைய விசைப்பலகை அருகிலேயே இருக்கட்டும்.