சேமித்து வைத்த குடிதண்ணீர் கேனில் பாசி, போகவே மாட்டேன் என்கிறது

சின்ன வீடு, நாலு பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், மூன்று நாளுக்கு என்று கணக்குப் போட்டு அவசரத்துக்கு 48 லிட்டர் பிடித்து வைத்தேன். 20 லிட்டர் கேன் இரண்டு, 2 லிட்டர் பாட்டில் நாலு.

கேன்கள் வெளிர் நீலம், வெளிச்சம் உள்ளே போகும். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கிறது, அதாவது HDPE என்கிற பிளாஸ்டிக் வகை. குழாய்த் தண்ணீர்தான், நிரப்பி ஏழு வாரம். வேறு இடமில்லாமல் ஜன்னலோரம் வைத்தேன், அதுதான் தப்பு. போன வாரம் டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டிலும் பச்சையாக வழுவழுப்பு. கட்டிலுக்கடியில் இருட்டில் கிடந்த பாட்டில்களில் ஒன்றுமே இல்லை.

ஒரு கேனைக் கொட்டி, சோப்புத் தண்ணீரால் கழுவினேன். பிறகு வாசனை இல்லாத பிளீச், லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கலந்து குலுக்கி அலசினேன். சுவரில் இருந்தது போய்விட்டது. ஆனால் கைப்பிடி உள்பக்கம் குழாய் மாதிரி வளைகிறதே, அந்தச் சந்தில் மட்டும் விடாமல் ஒட்டியிருக்கிறது. வாய் குறுகல், கை நுழையாது. நீளமான பாட்டில் பிரஷும் அந்த வளைவில் மடங்கிக்கொள்கிறது. இன்னொரு கேனை இன்னும் தொடவில்லை.

இனி கேனை வைக்க இருட்டான மூலை ஒன்று ஒழித்துவிட்டேன், அது பிரச்சினை இல்லை.

கைப்பிடிச் சந்தில் இருக்கும் பாசியை முழுசாக எடுக்க யாருக்காவது வழி தெரியுமா, இல்லை குடிதண்ணீருக்கு இந்தக் கேன்களை மறந்துவிட வேண்டியதுதானா?