பழைய பவர் ஆம்ப் வாங்கப் போன இடத்தில் நடந்தது: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

நாலு ஓம் (மிட்ராண்ட்)

2023 மே. தென்னாப்பிரிக்காவில் ஸ்டேஜ் 6 லோட்ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, ஓடிக்கொண்டிருந்த நேரம், யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பெரியவர் கிளாஸ் ஏ ஆம்ப் (பாட்டு ஓடாதபோதும் நிறையக் கரண்ட் இழுத்துச் சூடாகவே இருக்கிற ஆம்ப்ளிஃபையர்) விற்கிறார் என்று படம் வந்தது. பார்த்த ராத்திரியே வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டேன். மாடல் பெயரை எழுதவில்லை. சேனலுக்கு 50 வாட், 80களின் அமெரிக்கச் சரக்கு, தனியாளாகத் தூக்கினால் இடுப்பு போய்விடும். இவ்வளவு சொன்னால் இங்கே இருப்பவர்களுக்குப் போதும்.

டர்பன் 570 கிலோமீட்டர். ஹாரிஸ்மித்தில் ஒரு காபி, வான் ரீனன் கணவாயில் மூடுபனி, ரெண்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் கறிவேப்பிலை மரம். பெரியவருக்குத் தமிழ் "வா தம்பி, உக்காரு, சாப்ட்டியா" வரைக்கும்தான், அதற்கு மேல் டர்பன் இங்கிலீஷ். ஆம்ப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சூட்டை வெளியே தள்ளுகிற துடுப்புகள், அதாவது ஹீட்சிங்க், அதில் கை வைத்தேன், மூணு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். நாகஸ்வரம் போட்டார். சீவாளியில் எச்சில் படுகிற சத்தம் வரைக்கும் கேட்டது. அப்போதே விழுந்துவிட்டேன்.

"ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பார்க்கலாமா தாத்தா?" என்றேன். சூடு ஏற ஒரு மணி நேரம் ஆகும், நாலு மணிக்குக் கரண்ட் போய்விடும், இருக்கிற நேரத்தில் கேட்டுக்கொள் என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அதற்கப்புறம் அவர் பாட்டைக் கேட்கவே இல்லை, சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூணே முக்காலுக்குப் பணம் கைமாறியது. அவரே அணைத்தார், அவரே பிளக்கைப் பிடுங்கினார். ஆறட்டுமே என்றேன். கேட்கவில்லை. பேரன்கள் ரெண்டு பேரைக் கூப்பிட்டு, துண்டை நாலாக மடித்துப் பிடித்து, சுடச்சுட டிக்கியில் ஏற்றிவிட்டார்கள். அடுப்பிலிருந்து பொங்கல் பானையை இறக்குவதுபோல.

வீட்டில் சுவிட்சைப் போட்டதும் டிபி போர்டில், மெயின் சுவிட்ச் பெட்டியில், 'டப்'. பிளக் லைன் முழுக்கப் போச்சு. அஞ்சு தடவை போட்டால் மூணு தடவை இப்படி. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, ஆன் பண்ணும்போது கரண்ட் ஒரேயடியாகப் பாயாமல் தடுக்கிற சாஃப்ட் ஸ்டார்ட் வேலை செய்யவில்லை என்றார். 850 ராண்டில் முடிந்தது, இன்றைக்கும் அருமையாக ஓடுகிறது. பணம் ஒரு விஷயமே இல்லை. அவர் தெரிந்துதான் கடிகாரத்தைப் பார்த்தாரா? நாலு மணிக்குப் போகிற கரண்ட் நான் இருக்கும்போதே திரும்பி வந்தால் போர்டு விழும் என்ற பயமா? ரெண்டு வருஷமாக இதுதான் அரிக்கிறது.

கடற்காத்து (டர்பன்)

அண்ணே, ஒரு வயசானவர் மேல் இவ்வளவு சுலபமாகப் பழி போடலாமா? சாஃப்ட் ஸ்டார்ட் என்றால் பெரும்பாலும் தெர்மிஸ்டர்தான். அது ஆறியிருக்கும்போது கரண்டைத் தடுக்கும், சூடாக இருக்கும்போது விட்டுவிடும். ரெண்டு மணி நேர லோட்ஷெடிங்குக்குப் பிறகு நன்றாக ஆறியிருக்கும், ட்ரிப் ஆகவே ஆகாது. அவர் வீட்டில் அந்தப் பிரச்சினை வந்தே இருக்காது. கடிகாரத்தைப் பார்த்தது பேரனை டியூஷனுக்கு அனுப்பவோ என்னவோ.

சரி, என் கதை. வெருலம் பக்கம் ஒரு வீட்டில் ஜப்பான் ஆம்ப், மேலெல்லாம் காற்றுத்துளை. போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், கருவாடு சுடுகிற வாடை. விற்றவர் உள்ளே பார்த்து, "என்னம்மா இன்னைக்குக் கருவாடா?" என்று குரல் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை வீட்ல யாருங்க கருவாடு சுடுவா?" என்று பதில் வந்தது. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆம்பைத் திரும்பிப் பார்த்தோம். மூடியைக் கழற்றினால், ரெண்டு பெரிய கண்டென்சருக்கு (கரண்டைத் தேக்கி வைக்கிற டப்பா) நடுவே பாலம் போட்ட மாதிரி ஒரு பல்லி. எப்போதோ செத்துக் காய்ந்தது, வால் நுனி மட்டும் கருகிக்கொண்டிருந்தது.

வாங்கவில்லை. விலை பாதியாகக் குறைத்தார், அப்போதும் வாங்கவில்லை. பல்லி விழுந்ததற்குப் பலன் பார்ப்பவள் என் அம்மா. ஆம்புக்குள் விழுந்ததற்கு எந்தப் பஞ்சாங்கத்தில் தேடுவது?

சீரியஸ் பல்பு (பிரிட்டோரியா)

என் அனுபவம் சின்னது. அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப், "240க்கு மாத்தியாச்சு" என்றார் விற்றவர். பின்பக்கம் 120 வோல்ட் என்றுதான் அச்சடித்திருந்தது. நம்பிச் சொருகினேன். டிரான்ஸ்பார்மர் ஒரு உறுமு உறுமியது, காற்றுத்துளை வழியாக ஊதுபத்திப் புகை மாதிரி ஒரே ஒரு கோடு மேலே போனது. அவ்வளவுதான் கதை.

ஆனால் இதைப் படிக்கிற புதியவர்களுக்குச் சில விஷயம் சொல்லியாக வேண்டும். பழைய ஆம்ப் வாங்கப் போனால் மல்டிமீட்டர் இல்லாமல் போகாதீர்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பாட்டு எதுவும் போடாமல், ஸ்பீக்கர் முனையில் டிசி வோல்டேஜ் எவ்வளவு கசிகிறது என்று பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. நூறைத் தாண்டினால் கேள்வி கேளுங்கள். வோல்ட் கணக்கில் காட்டினால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள், அந்த ஆம்ப் உங்கள் வூஃபரைத் தின்றுவிடும். நம் ஊர்ச் சப்ளை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க மாடல்களில் சிலதில் டிரான்ஸ்பார்மருக்குள் ரெண்டு சுற்று இருக்கும், மாற்றி இணைத்தால் போதும். சிலதில் இருக்காது. மூடியைத் திறந்து இணைப்பைக் கண்ணால் பார்க்காமல் "மாத்தியாச்சு" என்கிற வார்த்தையை நம்பாதீர்கள். வோல்டேஜைக் குறைக்கிற ஸ்டெப்டவுன் பெட்டி வைத்து ஓட்டலாம், ஆனால் கிளாஸ் ஏ ஆம்ப் சும்மா இருக்கும்போதே 200 வாட்டுக்கு மேல் இழுக்கும், ஆன் பண்ணும் நொடியில் இன்னும் அதிகம், 500 வாட் பெட்டி வாங்கி ஏமாறாதீர்கள்.

அப்புறம் கண்டென்சர். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது கணக்கு. 40 வருஷ ஆம்பில் அது மாற்றப்பட்டதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும், சத்தம் எப்படி என்பது அப்புறம். ஸ்பீக்கருக்குக் கரண்ட் கொடுக்கிற அவுட்புட் டிரான்சிஸ்டர் மாற்றியிருந்தால் எங்கே வாங்கினார்கள் என்று கேளுங்கள். 2எஸ்சி5200 மாதிரி டிரான்சிஸ்டர் எல்லாம் சந்தையில் போலிதான் அதிகம் கிடைக்கிறது. மூணு பின் பிளக்கைத் திறந்து பாருங்கள். ஹம் என்கிற இரைச்சல் போக எர்த் ஒயரை வெட்டிவிடுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். ஆம்ப் பாடும், உள்ளே கசிவு வருகிற அன்றைக்குப் பெட்டியே ஷாக் அடிக்கும்.

ஜோபர்க்கில் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறீர்கள், காற்று மெலிசு, ஹீட்சிங்க் டர்பனில் ஆறுவதுபோல் அங்கே ஆறாது. மேலே நாலு விரல், பக்கத்துக்கு ஒரு சாண் இடம் விடுங்கள். வெயில் காலத்தில் மத்தியானம் இடி மழை வரும், பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். முக்கியமாக, எந்தப் பழைய ஆம்பையும் நேராகச் சொருகாதீர்கள். 100 வாட் குண்டு பல்பைச் சீரியஸில், அதாவது ஆம்புக்குப் போகிற கரண்ட் பல்பு வழியாகவே போகும்படி, போட்டு ஆன் பண்ணுங்கள். பல்பு ஒருமுறை எரிந்து மங்கினால் ஆம்ப் சரி, பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட்.

கடற்காத்து (டர்பன்)

கதை ஆறு வரி, உபதேசம் அறுபது வரி. அதிலும் கடைசி வரி தப்பு. நல்ல கிளாஸ் ஏ ஆம்பைச் சீரியஸ் பல்பில் போட்டால் பல்பு பிரகாசமாகத்தான் எரியும், அது சும்மா இருக்கும்போதே அவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டு யாராவது நல்ல சரக்கை ஷார்ட் என்று சொல்லி விட்டுவிட்டு வரப்போகிறார்கள்.

சீரியஸ் பல்பு (பிரிட்டோரியா)

சும்மா இருக்கும்போது கொஞ்சமாகவே கரண்ட் இழுக்கிற கிளாஸ் ஏபி ஆம்புக்குச் சொன்னேன். அதை எழுதாதது என் தப்புதான். பல்லிக்குப் பஞ்சாங்கம் தேடுகிறவர் திருத்த வேண்டியதாகிவிட்டது.

ஊமை ஸ்பீக்கர் (கேப் டவுன்)

குவாட் 405. குவாட் நிறுவனர் பீட்டர் வாக்கரின் கரண்ட் டம்பிங் யோசனையோடு (சின்ன ஆம்ப் ஒன்று தரத்தைப் பார்த்துக்கொள்ளும், பெரிய டிரான்சிஸ்டர்கள் பலத்தைக் கொடுக்கும்) 1975இல் வந்ததே, அதேதான். ஓடும் நிலையில் கிடைத்தது, வீட்டுக்குக் கொண்டுவந்து பின்னால் திருப்பினால் இப்போது எல்லோரிடமும் இருக்கிற ஆர்சிஏ ஒயர் சொருக இடமே இல்லை, DIN என்கிற பழைய வட்டச் சாக்கெட். ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. நாள் முழுக்க எதிரே உட்கார்ந்து அதன் கறுப்புத் துடுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து, "பாடாத மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

மாடிவீடு (சென்சூரியன்)

நான் வாங்கியவள் இல்லை, விற்றவள். எழுதலாமா தெரியவில்லை.

அப்பா வேலைக்காக 90களின் கடைசியில் ஜோபர்க் வந்தவர். வந்த ரெண்டாம் வருஷம் ஒரு கிளாஸ் ஏ ஆம்ப் வாங்கினார், செகண்ட் ஹேண்ட்தான். அதை யாரும் தொடக்கூடாது. அம்மாவைத் தவிர. இங்கே ஜூன், ஜூலையில் ராத்திரிக் குளிர் தெரியுமல்லவா, வீட்டுக்குள் ஹீட்டரும் கிடையாது, பால் உறையவே உறையாது. அம்மா பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி, பாத்திரத்தை ஆம்ப் மேல் வைப்பாள். அப்பா முதல் நாள் கத்தினார். மறுநாள் தயிரைச் சாப்பிட்டுப் பார்த்தார், பேச்சில்லை. அதற்கப்புறம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவர் பாட்டுக் கேட்பதே தயிருக்காகத்தானோ என்று எங்களுக்குச் சந்தேகம்.

அப்பா போய் ஒரு வருஷம் கழித்து விற்றேன். வந்தவர் நல்ல மாதிரிதான், மல்டிமீட்டர், டார்ச் எல்லாம் கொண்டுவந்தார். மேல்மூடியில் டார்ச் அடித்து, "இது என்ன வட்டமா ஒரு கறை?" என்றார். எவர்சில்வர் பாத்திரத்தின் அடி. அத்தனை வருஷத்தில் பெயின்ட் அந்த வட்டத்தில் மட்டும் மங்கியிருந்தது. "ஏதோ வெச்சிருப்பாங்க" என்றேன். ஆயிரம் ராண்ட் குறைத்தார், சரி என்றேன். அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் சொல்லவில்லை. தயிர்ப் பாத்திரம் என்று சொல்ல ஏன் எங்கள் ரெண்டு பேருக்குமே வாய் வரவில்லை என்று இப்போதும் தெரியவில்லை. ஆயிரம் ராண்டுக்காகச் சொல்லவில்லை.

சீரியஸ் பல்பு (பிரிட்டோரியா)

தங்கச்சி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பால் சிந்தியிருந்தால் காற்றுத்துளை வழியாக நேராக உள்ளே இருக்கிற டிரைவர் போர்டில்...

மாடிவீடு (சென்சூரியன்)

சிந்தவில்லை அண்ணா. பதினெட்டு வருஷத்தில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

நாலு ஓம் (மிட்ராண்ட்)

கடற்காத்துக்கு: தெர்மிஸ்டர் இல்லை, ரெசிஸ்டரும் ரிலேயும். முதலில் ரெசிஸ்டர் கரண்டைத் தடுக்கும், சில நொடி கழித்து ரிலே என்கிற சுவிட்ச் மூடி அதைத் தாண்டிக் கரண்டை விடும். ரிலே முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன, ரெசிஸ்டருக்கு வேலையே இல்லை. ஆறினாலும் ஆறாவிட்டாலும் ட்ரிப் ஆகும். மெக்கானிக் இன்னொன்றும் காட்டினார், முதல் பதிவில் எழுத மனம் வரவில்லை. அந்த ரிலேயின் கால்களில் மட்டும் பற்றவைத்த ஈயம் பளபளவென்று புதுசாக இருந்தது. யாரோ தொட்டிருக்கிறார்கள்.

கடற்காத்து (டர்பன்)

பெரியவருக்கு முன்னால் வைத்திருந்தவராகவும் இருக்கலாம் அண்ணே.

நாலு ஓம் (மிட்ராண்ட்)

இருக்கலாம். கிளம்பும்போது பெரியவர் வீட்டு அம்மா ஒரு பை நிறையக் கறிவேப்பிலை ஒடித்துக் கொடுத்தார்கள். வண்டி பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டும்வரை உள்ளே அந்த வாசனையும் சூடான இரும்பு வாசனையும்தான்.

அது கிடக்கட்டும். சென்சூரியன் தங்கச்சிக்கு ஒரு கேள்வி. நேற்று ராத்திரி நானும் ஒரு கிண்ணத்தில் உறை ஊற்றி ஆம்ப் மேல் வைத்தேன். காலையில் பார்த்தால் தயிர் திரிந்து, மேலே தண்ணீர் பிரிந்து நிற்கிறது. அம்மா எவ்வளவு நேரம் வைப்பார்கள்?

மாடிவீடு (சென்சூரியன்)

அம்மாவிடமே கேட்டேன். நேராக வைக்கக்கூடாதாம், பாத்திரத்துக்கு அடியில் துண்டை நாலாக மடித்து வைக்க வேண்டுமாம். பதினோரு மணிக்கு அப்பா அணைத்துவிடுவார், அதற்கப்புறம் ஆறுகிற சூட்டிலேயே விடியும்வரை இருக்கும்.