தொற்றுநோய்க் காலத்தில் களப்பணியாளர்கள் சங்கமாகச் சேர்வதால் வேலை மேம்படுமா?

கேள்வி – செவ்வாய்ப்பேட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். சேலத்தை ஒட்டிய ஓர் உள்ளாட்சி அமைப்பில், ஒப்பந்ததாரர் வழியாகக் கொசுப்புழு ஒழிப்புப் பணி செய்யும் பெண்களில் நானும் ஒருத்தி. வீடு வீடாகச் சென்று தொட்டி, டிரம், பழைய டயர், ஆட்டுக்கல் ஆகியவற்றில் தேங்கிய நீரைப் பார்த்து அபேட் மருந்து ஊற்றுவது எங்கள் வேலை. கொரோனா காலத்தில் எங்களையேதான் காய்ச்சல் கணக்கெடுப்புக்கும் அனுப்பினார்கள். கையுறையும் முகக்கவசமும் கேட்டவர்களுக்கு, விருப்பமில்லை என்றால் நின்றுகொள்ளலாம் என்பதே பதிலாகக் கிடைத்தது; காய்ச்சலில் படுத்தவர்களுக்கு அந்த நாட்களின் கூலி இல்லை. அடுத்த மழைக்காலத்திற்குள் ஒரு சங்கமாகச் சேர நினைக்கிறோம். ஆனால், ஊரே நோயில் கிடக்கும்போது உரிமை பேசுவது மக்களுக்கு எதிரானதாகிவிடும் என்று எங்களுக்குள்ளேயே சிலர் தயங்குகிறார்கள். ஒன்றுசேர்ந்ததால் நிலைமை உண்மையில் மாறியதற்குச் சான்று உண்டா? எந்தக் கோரிக்கையிலிருந்து தொடங்குவது?

பதில் 1 – ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், அஸ்தம்பட்டி

அம்மா, சான்று உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநில முதியோர் பராமரிப்பு இல்லங்களைப் பற்றி 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பணியாளர் சங்கம் இருந்த இல்லங்களில் கொரோனா இறப்பு விகிதம் மற்ற இல்லங்களைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்ததாகக் கண்டது. அங்கே என்-95 முகக்கவசமும் கண்காப்பும் பணியாளர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்திருந்தன. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்ட பிந்தைய ஆய்வில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 11 விழுக்காடாகக் குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் திசை மாறவில்லை. இறப்பு குறைந்தது அங்கே தங்கியிருந்த முதியோரிடம் என்பதைத் தயங்குகிறவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் வேலைக்கே வருகிறேன். டெங்கு ஆளிடமிருந்து ஆளுக்கு நேரடியாகத் தொற்றுவதில்லை; காய்ச்சலின் முதல் சில நாட்களில் நோயாளியைக் கடிக்கும் ஏடிஸ் கொசுதான் அதை எடுத்துச் செல்கிறது, அதுவும் பகலில் கடிக்கும் கொசு. கூலி போய்விடுமே என்று காய்ச்சலோடு தெருத்தெருவாக நடக்கும் பணியாளர், எந்த நோயை ஒழிக்க அனுப்பப்பட்டாரோ அதையே அடுத்த தெருவுக்குக் கொண்டுபோக நேரிடும். ஆகவே கூலியுடன் கூடிய காய்ச்சல் விடுப்பை முதல் கோரிக்கையாக வையுங்கள். அதை நோய்த்தடுப்பு நடவடிக்கையாகவே எழுதிக் கொடுத்தால் எந்தச் சுகாதார அலுவலரும் எளிதில் மறுக்க முடியாது.

பதில் 2 – தொழிலாளர் வழக்குகள் பார்ப்பவர், சூரமங்கலம்

மேலே ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் கூலியில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டா என்று முதலில் பாருங்கள். இருந்தால், ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்கும் நிலையில், நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாட்களுக்கு எதுவும் கிடையாது. மூன்று நாள் காய்ச்சலுக்கு ஈ.எஸ்.ஐ.யை நம்பினால் ஒரு நாள் பணம்தான் வரும். அந்த இடைவெளியைச் சங்கம் பேசித்தான் அடைக்க வேண்டும்.

ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கும் முதன்மை நிறுவனம் தர வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் முதல் இருந்துவரும் விதி. எனவே கோரிக்கை மனுவை இருவருக்கும் அனுப்பி, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சங்கப் பதிவுக்கு ஏழு பேர் விண்ணப்பித்தால் போதும் என்று பலர் சொல்வது பாதிதான் சரி; வேலை செய்வோரில் பத்தில் ஒரு பங்கு அல்லது நூறு பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்கவும் வேண்டும். வேலைநிறுத்தத்தை இப்போதைக்குப் பேசாதீர்கள். அதற்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம், தொற்றுக் காலத்தில் மக்கள் ஆதரவும் அதில்தான் முதலில் போகும்.

பதில் 3 – ஏற்காடு வாசி

சட்டத்தை இவ்வளவு நம்பலாமா என்று எனக்கு ஐயம் உண்டு. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் காப்பித் தோட்டங்களில் மருத்துவ வசதி செய்து தரச் சொன்னது. கேட்க ஆள் இருந்த தோட்டங்களில்தான் அது நடைமுறைக்கு வந்தது, பழம் பறிக்கும் பருவத்திற்கு மட்டும் வருகிற தினக்கூலிகளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. சங்கங்களும் அதில் பங்காளிகள்தான்: நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும் பேசிவிட்டு எழுந்து வந்தவர்கள் பலர்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2020-இல் கொரோனா பணிக்கென ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே மாற்று ஒப்பந்தப் பணி தருவதாக அரசு அறிவித்தது. நோய் உச்சத்தில் இருக்கும்போதே வேலை நிலைப்பைப் பற்றி எழுத்தில் வாங்காவிட்டால், நோய் தணிந்த பின் பேசுவதற்கு உங்கள் கையில் எதுவும் இருக்காது.

கேள்வி கேட்டவர்

ஐயா, மூவருக்கும் நன்றி. எங்களில் பெரும்பாலோரிடம் சம்பளச் சீட்டே இல்லை, ஆகவே ஈ.எஸ்.ஐ. எண்ணையும் சம்பளச் சீட்டையும் கேட்டு முதல் மனுவையும், காய்ச்சல் விடுப்புக்குத் தனியாக இரண்டாவது மனுவையும் கொடுக்க எண்ணுகிறோம். அதே தெருக்களில் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள் வேறொரு ஒப்பந்ததாரரின் கீழ் இருக்கிறார்கள். அவர்களையும் ஒரே சங்கத்தில் சேர்க்கலாமா என்பதைச் சூரமங்கலம் ஐயா தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.